நூறு கலோரியைக் காட்டும் கருவி எது? சமையல் தராசு, எடை மெஷின், ஸ்டெப் பேண்ட் வாங்கும் முன்

உடம்பைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது எடை மெஷின். அடுத்து கையில் கட்டிக்கொள்ளும் ஸ்டெப் பேண்ட். சமையலறையில் வைக்கும் சின்னத் தராசு கடைசியில்தான் நினைவுக்கு வரும். பல வீடுகளில் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இந்த விமர்சனத்தின் தீர்ப்பு. ஐநூறு ரூபாய்கூட ஆகாத தராசை முதலில் வாங்குங்கள். எடை மெஷின் இரண்டாவது, அதிலும் ஸ்மார்ட் வகை வேண்டாம், சாதாரணமானதே போதும். பேண்ட் வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை, சட்டைப் பையில் இருக்கிற போனே ஸ்டெப்ஸை எண்ணிவிடும்.

காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி, ஆகவே தினம் 100 கலோரி குறைத்தால் வருடத்துக்கு நாலே முக்கால் கிலோ இறங்கும் என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்குப்படி பத்து வருடத்தில் 47 கிலோ இறங்க வேண்டும். அப்படி யாருக்கும் இறங்காது. எடை குறையக் குறைய அந்த உடம்பைச் சுமப்பதற்கான செலவும் குறைகிறது. ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகி எடை நின்றுவிடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹாலும் அவர் குழுவினரும் 2011-இல் 'லான்செட்' இதழில் இதற்கு நம்பகமான ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். தினம் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் கடைசியில் ஏறக்குறைய 1 கிலோ குறையும். அதில் பாதி குறைய ஒரு வருடம் ஆகும், 95 சதவீதம் குறைய மூன்று வருடம்.

அதாவது தினம் 100 கலோரி என்பது கடைசியில் 4 கிலோ. முதல் வருடத்தில் 2 கிலோ. ஏறுவதற்கும் இதே கணக்குதான். அலுவலகம் மாறியபின் கூடுதலாக ஒட்டிக்கொண்ட இரண்டு டீயும் பிஸ்கட்டும், வீடு மாறியபின் நின்றுபோன பஸ் ஸ்டாப் நடையும் மூன்று வருடத்தில் நாலைந்து கிலோவாக உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே இந்தக் கருவிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளின் 100 கலோரியை இது எனக்குக் காட்டுமா?

சமையல் தராசு

ஆன்லைனிலும் பாத்திரக் கடையிலும் எளிதில் கிடைப்பது எஸ்எஃப்-400 என்ற வெள்ளை பிளாஸ்டிக் தராசு. பல பெயர்களில் விற்றாலும் உள்ளே ஒரே சரக்கு. 10 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை பிரித்துக் காட்டும், இரண்டு பென்சில் பேட்டரி போடவேண்டும். வீட்டுக்கு இது தாராளம். அதைவிட விலை கூடிய கண்ணாடி மேல்பரப்புத் தராசுகளில் துடைப்பது சுலபம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். பத்து 10 ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வைத்தால் சுமார் 77 கிராம் காட்ட வேண்டும். பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட் 1,000-க்கு மேல் சில கிராம் காட்ட வேண்டும், அந்தக் கூடுதல் உறையின் எடை. அதே பாக்கெட்டைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கிராமுக்கு மேல் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த விலைத் தராசுகளில் எல்லாருக்கும் தொந்தரவு தருகிற குறை ஒன்று உண்டு. எண்ணெயையோ சர்க்கரையையோ மெதுவாக, துளித்துளியாகச் சேர்த்தால் எண் நகராது. ஒன்றும் இல்லாதபோது பூஜ்யம் ஆடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்ன மாற்றங்களைத் தானே அழித்துக்கொள்ளும்படி உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது உங்கள் எண்ணெயையும் சேர்த்து விழுங்கிவிடும். ஐந்து கிராமுக்குக் கீழே இதை நம்ப முடியாது.

சுற்றுவழி எளிது. அளக்க வேண்டியதைத் தராசில் ஊற்றாதீர்கள். எதிலிருந்து எடுக்கிறீர்களோ அதை வையுங்கள். எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் ஆகும். பாட்டிலை எடுத்து வாணலியில் வழக்கம்போல ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 14 என்று காட்டினால் வாணலியில் போனது 14 கிராம். சமைக்கும் கை நிற்காது, கூடுதல் பாத்திரம் அழுக்காகாது. சர்க்கரை டப்பா, நெய்ப் புட்டி, வேர்க்கடலை டப்பா எல்லாவற்றுக்கும் இதே முறைதான். தராசு ஓரிரு நிமிடத்தில் தானே அணைந்துவிடும் என்பதால் இடையில் போன் பேசப் போகக்கூடாது, போனால் பூஜ்யம் தொலைந்துவிடும்.

இப்போது நூறு கலோரி எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்போம், தராசின் அருமை அப்போதுதான் தெரியும்.

எண்ணெய் எந்த வகையானாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெய், நல்லெண்ணெய், ரீஃபைண்ட், ஆலிவ் எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றே. 11 கிராம் எண்ணெயில் 100 கலோரி வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டிகூட நிறையாது. தோசைக்கு ஒரு டீஸ்பூன் என்று சுற்றிலும் விட்டால் மூன்று தோசைக்கு 13 அல்லது 14 கிராம், சுமார் 120 கலோரி. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்துச் சுட்டால் ஒரு தோசைக்கு ஒன்றிரண்டு கிராமே போகும். தினம் இரவு தோசை சாப்பிடும் வீட்டில் இந்த ஒரு மாற்றத்திலேயே கிட்டத்தட்ட 80 கலோரி கழிந்துவிடும், மாவின் அளவைத் தொடவே வேண்டியதில்லை. கல் நன்றாகப் பழகியிருக்க வேண்டும், சூடு சரியாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஆறிய கல்லில் ஊற்றினால் தோசை ஒட்டும், ஒட்டினால் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். எண்ணெய் கூடுவதற்கு ருசியைவிடக் கல்தான் பல வீடுகளில் காரணம்.

எண்ணெய்க்குத் தராசு இல்லாமலும் ஒரு கணக்குப் போடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்குச் சேர்க்கும் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் போதும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் நால்வருக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கினாலே தலைக்குத் தினம் சுமார் 70 கலோரி குறைந்துவிடும். மளிகைப் பட்டியலில் ஒரு லிட்டரைக் குறைத்து எழுதுவது சமையலறையில் தினம் கையைக் கட்டுப்படுத்துவதைவிடச் சுலபம். குறைவாக வாங்கினால் குறைவாகவே ஊற்றுவார்கள்.

சாதம் அடுத்தது. வெந்த சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக 75 கிராம் சாதம்தான் நூறு கலோரி. சாதக் கரண்டியில் ஒன்று எடுத்துத் தட்டில் போட்டு நிறுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கரண்டியின் அளவு தெரிந்துவிடும். பல வீடுகளில் ஒரு கரண்டி இந்த எடைக்கு அருகில்தான் நிற்கும். 'போதும்' என்று கை காட்டியபிறகும் அன்போடு விழுகிற அந்தக் கடைசிக் கரண்டி அப்படியே நம் நூறு கலோரி. குக்கர் சாதமா வடித்த சாதமா என்ற சண்டை தேவையில்லை. கஞ்சியோடு போகும் மாவுச்சத்து கொஞ்சம்தான். சாதம் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெந்த எடை மாறும். சரியான கணக்கு வேண்டுமென்றால் அரிசியாகவே நிறுத்துப் போடுங்கள்: 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, வெந்தபின் 250 முதல் 300 கிராம். பாத்திரங்களின் வெற்று எடையை ஒருமுறை பார்த்து அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டால், சமைத்ததை அப்படியே பாத்திரத்தோடு தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

டீயில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம், 16 கலோரி. குவித்து எடுத்தால் 6 கிராமைத் தாண்டும். நாள் ஒன்றுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் குவித்த இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டுமே 190 கலோரியைத் தொடும். ஸ்பூனை எண்ணிக் குறைப்பதைவிடக் குவிப்பதை நிறுத்துவது பலருக்கு முதல் படியாக நன்றாக வேலை செய்கிறது. நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் சிறிது, கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாலிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. தினம் 300 மில்லி பால் குடிப்பவர் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினால் 9 கிராம் கொழுப்பு, 80 கலோரி குறையும். வளரும் பிள்ளைகளுக்காக ஆரஞ்சு வாங்கும் வீட்டில் பெரியவர்களின் டீயும் அதிலேயே போட்டுவிடுவது வழக்கம். அங்கே இரண்டு நிறமும் வாங்குவதுதான் தீர்வு.

தேங்காயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை. சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டினால் எடை குறையும் என்பார்கள். கிராமுக்குக் கிராம் பார்த்தால் துருவிய தேங்காயும் பொட்டுக்கடலையும் ஏறக்குறைய ஒரே கலோரிதான், இரண்டும் 100 கிராமுக்கு 350-க்கு மேல். பொட்டுக்கடலையில் புரதம் கூடுதல் என்ற நன்மை உண்டு, கலோரியில் லாபமில்லை. குறைய வேண்டுமானால் தக்காளி, வெங்காயம், புதினா, கொத்தமல்லிச் சட்னிகளுக்குப் போகவேண்டும், அவற்றையும் எண்ணெயில் நீந்தவிடாமல் வதக்க வேண்டும். வேர்க்கடலை நல்ல பண்டம், ஆனால் 18 கிராமிலேயே நூறு கலோரி. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் 50 கிராம் போவது தெரியாது. கிண்ணத்தில் நிறுத்துப் போட்டுக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள்.

எதை நிறுக்க வேண்டாம் என்பதும் முக்கியம். கீரை, சுரைக்காய், புடலங்காய், பூசணி, வெள்ளரி, ரசம், நீர்மோர் எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டிருந்தால் பத்து நாளில் அலுத்துப்போய்த் தராசு மேல்தட்டுக்கு ஏறிவிடும். எண்ணெய், நெய், சர்க்கரை, சாதம், தேங்காய், கடலை வகைகள், மிக்சர் முறுக்கு. இவ்வளவு போதும். இரண்டு வாரம் நிறுத்தால் கண்ணுக்கு அளவு பழகிவிடும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் நிறுத்துப் பாருங்கள். கரண்டி தன் பழைய அளவுக்கு மெல்ல மெல்லத் திரும்பியிருப்பதை அப்போதுதான் பிடிக்க முடியும்.

ஆக, நூறு கலோரியை நேருக்கு நேர் காட்டுவது இந்தத் தராசு ஒன்றுதான். அதுவும் சாப்பிடுவதற்கு முன்பே காட்டுகிறது.

எடை மெஷின்

தினம் 100 கலோரி குறைத்தால் ஒரு வாரத்தில் கொழுப்பில் போவது சுமார் 90 கிராம். வீட்டு எடை மெஷின் காட்டும் மிகச் சிறிய படியே பெரும்பாலும் 100 கிராம். உடம்பிலுள்ள தண்ணீரோ ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். அந்த ஆட்டத்துக்குள் 90 கிராமைத் தேடுவது நேரடியாக முடியாத காரியம். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு வார எண்களைப் பாருங்கள்: 72.4, 73.1, 72.6, 72.2, 73.4, 72.9, 72.5. அடுத்த வாரம்: 72.6, 72.3, 73.0, 72.1, 72.8, 72.5, 72.9. முதல் நாளையும் எட்டாம் நாளையும் மட்டும் ஒப்பிட்டால் 200 கிராம் ஏறியிருக்கிறது, மனம் சோர்ந்துவிடும். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 72.7, இரண்டாம் வாரம் 72.6. இறங்கித்தான் இருக்கிறது. இப்படி நான்கைந்து வாரச் சராசரியை அடுத்தடுத்து எழுதினால்தான் சின்னப் பழக்கத்தின் பலன் கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருநாள் மட்டும் ஏறிப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. சரியாக வேலை செய்துகொண்டிருந்த பழக்கத்தை மூன்றாவது வாரத்தில் கைவிடுவதும் இதனால்தான்.

காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் ஏறுங்கள். எழுதி வைக்க ஆப் தேவையில்லை, மாதக் காலண்டரின் கட்டமே போதும். ஞாயிறு பிரியாணிக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறியிருந்தால் பயப்படாதீர்கள். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து நிற்கிறது. குடலில் உணவும் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏற 7,700 கலோரி உபரியாக வேண்டும், எந்தக் கல்யாணப் பந்தியிலும் ஒரே வேளையில் அவ்வளவு சாப்பிட முடியாது. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் எடை ஏறுவது இயல்பு. போன மாதத்தின் அதே வாரச் சராசரியோடு ஒப்பிட்டால்தான் சரியான படம் கிடைக்கும்.

இனி மெஷின். டிஜிட்டல் மெஷினின் நான்கு கால்களிலும் ஒவ்வொரு லோட் செல் இருக்கிறது. எடை விழும்போது உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சிறிய அளவு வளைகிறது, அந்த வளைவுதான் எண்ணாக மாறுகிறது. நான்கு கால்களும் கெட்டியான, சமமான தரையில் சரிசமமாகப் பதிய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பாயின் மேலோ மிதியடியின் மேலோ வைத்தால் எண் தவறும். டைல்ஸ் இணைப்பில் ஒரு கால் இறங்கி நின்றாலும் தவறும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். வேலை செய்பவர் பெருக்கும்போது சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், முதல் முறை ஏறுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு காலால் அழுத்தி, விட்டு, பூஜ்யம் வந்து அணைந்தபின் ஏறுங்கள். இடம் மாறிய மெஷின் புதுப் பூஜ்யத்தைப் பிடிக்க இது தேவை.

விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று: பல டிஜிட்டல் மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்து ஏறும்போது வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். அடுத்தடுத்து ஏறினால் எண் மாறவில்லையே என்று வாங்குபவர் மகிழ்வார் என்பதற்காக வைத்த ஏற்பாடு. சராசரி எடுக்கிற நமக்கு இது விஷம். கண்டுபிடிப்பது எளிது. ஒருமுறை ஏறி எண்ணைப் பாருங்கள். உடனே 200 கிராம் உள்ள எதையாவது கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். எண் அசையவில்லை என்றால் இரண்டு கிலோ அரிசிப் பையோடு ஏறி இறங்குங்கள், பிறகு மீண்டும் அந்த 200 கிராமோடு ஏறுங்கள். இப்போது எண் மாறினால் உங்கள் மெஷினுக்கு நினைவு இருக்கிறது. தூக்கி எறிய வேண்டியதில்லை. தினமும் அரிசிப் பையோடு ஒருமுறை ஏறி நினைவைக் கலைத்துவிட்டு அப்புறம் எடை பார்த்தால் போதும். கடையில் வாங்குவதானால் அங்கேயே இந்தச் சோதனையைச் செய்து பார்த்து வாங்குங்கள்.

மெஷினின் மேல்கண்ணாடி மூலையில் சில்லு பெயர்ந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள். பதப்படுத்திய கண்ணாடி ஓர இடத்தில் அடிபட்டால் திடீரென்று நொறுங்கக்கூடும். ஈரக் காலோடு ஏறவேண்டாம், வழுக்கும். முள் சுற்றும் பழைய ஸ்பிரிங் மெஷின் வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அரைக் கிலோவுக்குக் கீழே படிக்க முடியாது என்பதால் சராசரி வேலைக்கு அது ஒத்துவராது.

ஸ்மார்ட் மெஷின் ஏன் வேண்டாம்? கொழுப்பு சதவீதம், தசை, எலும்பு, 'உடல் வயது' என்று பத்துப் பன்னிரண்டு எண்களை அது காட்டும். அதில் உண்மையாக அளக்கப்படுபவை இரண்டே: எடையும் மின்தடையும். ஒரு பாதத்தில் மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி மற்றப் பாதத்தில் வாங்குகிறது. மின்சாரம் பெரும்பாலும் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடும். தொப்பையைப் பற்றி அதற்கு நேரடியாக ஒன்றும் தெரியாது. நீங்கள் பதிந்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு மீதி எண்களைக் கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஓர் எண், நடந்து வியர்த்து வந்தால் வேறு எண், பாதம் காய்ந்து வெடித்திருந்தால் இன்னோர் எண். உயரத்தைத் தவறாகப் பதிந்து பாருங்கள், உடம்பு மாறாமலே கொழுப்பு மாறும். கணவன் மனைவி எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஒருவர் கணக்கு மற்றவர் பெயரில் ஏறுவதும் நடக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகள் எடை மட்டும் காட்டும் வகையைப் பயன்படுத்துவது நல்லது.

தினமும் எண்ணைப் பார்ப்பது சிலருக்கு மனத்தை அரிக்கும், சாப்பாட்டைப் பட்டினிவரை தள்ளும். அவர்கள் எடை மெஷினே வைத்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் சொல்லும் அளவு டேப் போதும். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கிக்கொண்டே போனால் அது மகிழ்ச்சியான செய்தி இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டெப் பேண்ட்

ஸ்டெப்ஸை எண்ணுவதில் பேண்டும் போனும் நன்றாகவே வேலை செய்கின்றன. மனத்தில் 100 எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள், 95-க்கும் 105-க்கும் இடையில் காட்டினால் போதும். தண்ணீர்க் குடமோ காய்கறிப் பையோ தூக்கிக்கொண்டு நடந்தால் கை ஆடாததால் பேண்ட் குறைவாக எண்ணும். மேடு பள்ளமான சாலையில் பைக் ஓட்டினால் சில பேண்டுகள் நடக்காததையும் எண்ணிவிடும்.

கலோரி எண்ணைத்தான் நம்பக்கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், இருப்பதிலேயே நல்ல கருவியே கலோரியில் சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். இன்னொரு குழப்பமும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம், இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் செலவு சுமார் 120 கலோரி. அதில் 35 கலோரி சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகப் போனது 85, 90 தான். பார்க் வாசலில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் 200 தாண்டும். 'இன்று நடந்துவிட்டோமே' என்று சாப்பிடுவதுதான் நடப்பவர்களின் எடை அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம்.

நடையின் மதிப்பை இது குறைப்பதாக எண்ண வேண்டாம். அரை மணி நடையைத் தினமும் விடாமல் தொடர்ந்தால் அதுவே நம் நூறு கலோரி, மூன்று வருடத்தில் மூன்றரை, நான்கு கிலோ. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' (பத்தாயிரம் ஸ்டெப்ஸ் மீட்டர்) என்ற கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவர்கள் வகுத்த வரம்பு அல்ல. இன்று 3,500 நடப்பவருக்கு 6,000 என்பதே பெரிய முன்னேற்றம். ஒரு கிலோமீட்டர் என்பது சுமார் 1,300, 1,400 ஸ்டெப்ஸ். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் குறித்திருக்கும் 8 கிலோமீட்டர் பாதையை முழுதாக நடந்தால் 11,000 ஸ்டெப்ஸ் வரும். தொடக்கத்தில் அதில் கால்வாசி போதும்.

மாடிப்படி ஏறுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். 70 கிலோ உடம்பை ஒரு மாடி உயரம் தூக்க இரண்டு, மூன்று கலோரிதான். எடைக்காக ஏற வேண்டாம், தொடைக்கும் மூச்சுக்கும் ஏறுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் எடை குறையும்போது தசை கரைவது மட்டுப்படும். இதை எந்த பேண்டும் எண்ணிச் சொல்லாது, எடை மெஷினிலும் தெரியாது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன், நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.

மீதிச் சில்லறையில் தையல் கடையிலிருந்து ஓர் அளவு டேப் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவே, தொப்புளைத் தேடாமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், தோலை அழுத்தாமல் இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 என்பது எல்லை. எடை ஒரே இடத்தில் நிற்கும் மாதங்களிலும் இது இறங்கும், நாற்காலிப் பயிற்சி செய்பவர்களுக்கு அடிக்கடி அப்படித்தான் நடக்கிறது. மாதம் ஒருமுறை அளந்தால் போதும். துணி டேப் நாளடைவில் நீண்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரும்பு டேப்போடு வைத்துப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் புதிது வாங்கிவிடுங்கள்.